இருபத்தொன்பதாம் திகதி தெரியாத மெஷின்

பிள்ளைகள், நேற்றுப் பின்னேரம் நான் உங்கள் மூன்று பேரையும் பேசியது தெருவுக்கே கேட்டிருக்கும். பெரியவன் சாப்பிடாமல் எழும்பிப் போனான். சின்னவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலுமாரிக்குள் இருந்த பச்சைச் சவர்க்காரப் பெட்டியை எடுத்து ரீவியில் கொழுவிப் பார்த்தீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. பெட்டிக்குள் இருந்த சின்னக் கொம்பியூட்டர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதையும் பொறுத்தேன். பிறகு பெரியவன் சொன்னான்: "அப்பா, இதில ஒரு பிழை கிடக்கு. பெப்ரவரி இருபத்தெட்டுக்குப் பிறகு எப்பவும் மார்ச் ஒண்டுதான் வருது. லீப் வருசம் தெரியாது இதுக்கு. விடுங்கோ, நான் திருத்தித் தாறன்." அப்போதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

அவன் சொன்னது சரி. அது பிழைதான். அந்தப் பிழையைக் காப்பாற்ற ஒரு மனுசி இரண்டு வருசம் கண் நோக உழைத்தார். அதை இல்லாமற் செய்ய நாங்கள் ஏழு பேர் ஒரு மண்டபத்தில் கூடினோம். அந்த ஏழு பேரில் உங்கள் அப்பாவும் ஒருவன். வாயால் சொன்னால் திரும்பவும் கத்துவேன், ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. இதில் பிழை இருந்தாலும் திருத்தாமல் வாசியுங்கள்.

அவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவ்வளவு காலம் வேலை செய்தவரின் பெயரைச் சங்கம் ஒரு பலகையிலும் எழுதவில்லை, இப்போது நான் எழுதி என்ன? கரையில் எல்லாரும் மெஷின் அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்கா எங்கள் கரைவலைச் சங்கத்தில் தட்டச்சு அடித்தவர். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. ஒரு பொருளில் பிழை இருந்தால் எல்லாரும் அதைத் திருத்தப் பார்ப்பார்கள். அக்கா முதலில் அந்தப் பிழையை நம்பி ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். அவரின் குணம் முழுவதும் இதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருசம் பிடித்தது.

யுத்தம் நடந்தபோது, கடலுக்குப் போகப் படையினரிடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. வள்ளத்தின் இலக்கம், நிறம், போகிற ஆட்கள் எல்லாம் அதில் இருக்கும். பாஸ் எழுதியவர் எங்கள் சிவப்பு வள்ளத்தை நீலம் என்று எழுதிவிட்டார். சங்கமும் இன்னொரு பட்டியல் அடித்து, கரையில் அவர்கள் காவல் நிற்கிற சென்றிக்கு அனுப்ப வேண்டும். நான் அக்காவிடம் போனேன். எனக்கு அப்போது மீசையும் சரியாக முளைக்கவில்லை.

"அக்கா, வள்ளம் சிவப்பு. நீங்களாவது சரியா அடியுங்கோ."

"பாஸில என்ன கிடக்கு?"

"நீலம். ஆனா அது பிழை."

"அப்ப போய் நீலம் அடியும்."

"வள்ளத்துக்கோ?"

"வேற எதுக்கு? உம்மட மூஞ்சைக்கோ? கடுதாசி ரெண்டும் ஒண்டா இருக்கோணும் தம்பி. சென்றியில நிக்கிறவன் வள்ளத்தைப் பார்த்துக் கடுதாசியைத் திருத்த மாட்டான். கடுதாசியைப் பார்த்து உம்மைத்தான் திருத்துவான்."

நான் நீலப் பெயின்ற் அடித்தேன். கரை முழுக்கச் சிரித்தது. அடுத்த கிழமை, பாஸும் வள்ளமும் ஒத்துப்போகாத இரண்டு வள்ளக்காரர் அரை நாள் வெயிலில் குந்தி இருந்தார்கள். நான் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

மெஷின் வந்த கதை இது. எங்கள் கரையில் ஏழு வலைகள். ஒரு நாளைக்கு ஒரு வலைதான் கடலில் இறக்கலாம், அடுத்த நாள் அடுத்த வலை. வாடைக் காலத்தில் கடல் பொங்கி வலைகள் மாதக்கணக்கில் கிடக்கும். பிறகு ஆரின் முறை எங்கே நின்றது, எங்கே தொடங்குவது என்று ஒவ்வொரு வருசமும் சண்டை. ஒருமுறை துடுப்பால் அடித்து ஒருவருக்குக் கை முறிந்தது. அந்த நேரம் உட்துறைமுகப் பக்கம் கப்பல் அலுவல் பார்த்த ஒரு மனிதர் ஊரை விட்டுப் போகும்போது, ரீவியில் கொழுவுகிற பழைய கொம்பியூட்டர் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரப்பர் கட்டைகள் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. ஆருக்கும் அதைத் தொடத் தெரியாது. அக்கா அதோடு வந்த புத்தகத்தைப் படித்துப் படித்து, எந்த நாள் எந்த வலை என்று சொல்கிற கணக்கொன்றை அதற்குள் எழுதினார். அது பாட்டுக் கசெட் ஒன்றில் பதிந்திருந்தது. கசெட்டை ஓட விட்டால் மெஷின் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலையை நினைவுபடுத்திக்கொள்ளும். அது சூடேறி நின்றுவிடாமல் அக்கா மேலே ஈரத்துணி போட்டு வைப்பார். காய்ச்சல்காரனுக்குப் போடுவது போல.

மெஷினுக்கு மச்சானும் இல்லை மாமனும் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். "மெஷின் தருகிற பட்டியலே முடிவு" என்று கூட்டக் கொப்பியில் எழுதி, அந்தக் காலத் தலைவர் கசெட்டின் உறையிலும் கையெழுத்து வைத்தார். அக்கா பட்டியலைத் தட்டச்சில் அடித்து, கரையில் வலை வைக்கிற வாடியின் கதவில் ஒட்டுவிப்பார். "மானுக்கு எட்டாத உயரத்தில ஒட்டும்" என்பார் ஒவ்வொரு முறையும். எங்கள் ஊர் மான்கள் பசை பூசின கடுதாசியை விட்டு வைக்காது என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

முதலாவது லீப் வருசம் வந்தது. பட்டியலில் இருபத்தெட்டாம் திகதி மூன்றாம் வலை. மார்ச் முதலாம் திகதி நாலாம் வலை. இடையில் ஒரு நாள் இல்லை. அந்த நாள் விடிந்ததும் கரையில் ஒரே சத்தம். மூன்றாம் வலைக்காரர் தங்களுக்கு என்றார்கள், நாலாம் வலைக்காரர் தங்களுக்கு என்றார்கள். வெயில் ஏறுகிறது, சூடை மீன் கூட்டம் கறுப்பாகக் கரையோரம் போகிறது, ஒருவரும் இறங்கவில்லை. அப்போது ஆம்பிளை இல்லாத வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கடலுக்குப் போய் வராதவர்களின் பெண்சாதிகள், பிடித்துக்கொண்டு போய் விடாதவர்களின் தாய்மார். அவர்களில் ஒருவர், "ஆருக்கும் இல்லாத நாளெண்டால் அது எங்கட நாளாக்கும்" என்று கயிற்றைப் பிடித்தார். ஏழு வலைக்காரரும் வெட்கப்பட்டு ஆளுக்கொருவரை வள்ளத்துக்கு விட்டார்கள். மீன் முழுவதும் அந்த வீடுகளுக்குப் போனது. மார்கழியிலிருந்து சரியாக ஒரு சட்டி குழம்பு வைக்காத வீடுகள்.

அன்றிலிருந்து லீப் வருசம் வந்தால் அந்த நாளுக்குப் பெயரில்லா நாள் என்று பெயர். ஆரும் சட்டம் போடவில்லை. மெஷின் அப்படிச் சொன்னது, கரை அப்படி நடந்தது.

நான் ஒருநாள் கேட்டேன். "அக்கா, வேணுமெண்டு செய்தனீங்களோ, பிழை விட்டனீங்களோ?"

"பிழைதான். லீப் வருசம் எண்டு ஒண்டு இருக்கெண்டதே எனக்கு நினைவில்லை. வெக்கமாப் போச்சு. அண்டைக்கே திருத்தத்தான் கசெட்டைப் போட்டனான். யன்னலால பார்த்தா அதுகள் கடகம் நிறைய மீனோட சிரிச்சுக்கொண்டு போகுதுகள். கசெட்டைக் கழட்டிப் பைக்குள்ள வைச்சிட்டன். இனி ஆரும் தொடட்டும் பார்ப்பம்."

தொட்டார்கள். அக்கா கண் ஒப்பரேசனுக்குப் போயிருந்த கிழமையில் தொட்டார்கள். சங்கத்துக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்திருந்தார். படித்த பொடியன், கூடமாட ஓடித்திரிவான், கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. பழைய மெஷினை அவன் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். கண்ணில் கட்டோடு வந்த அக்காவிடம் பெருமையாகச் சொன்னான்.

"அக்கா, இனி நீங்க கஷ்டப்படத் தேவையில்லை. எல்லாம் என்ர போனில போட்டிட்டன். அதில ஒரு பிழையும் இருந்தது. நான் திருத்திட்டன்."

அக்கா துணிப்பையைத் தடவிப் பார்த்தார். கசெட் உள்ளே இருந்தது.

அடுத்த லீப் வருசத்துக்கு இன்னும் இரண்டு வருசம் இருந்தது. அந்த இரண்டு வருசமும் அக்கா என்ன செய்தார் என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து பார்சலில் ஒரு பலகை எடுப்பித்தார். தீப்பெட்டியை விடச் சின்னது, அதைத்தான் நீங்கள் நேற்றுப் பார்த்தீர்கள். அதற்குள் பழைய மெஷின் போலவே நடிக்கிற ஒரு மெஷினை ஏற்றலாமாம். வெளிநாட்டில் ஆரோ எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை வேகமாக ஓடும்படி செய்திருந்தார்கள். அக்காவின் பாடு அங்கேதான் தொடங்கியது.

நான் ஒரு பழைய கீபோர்ட் தேடிக் கொண்டு போயிருந்தேன். துறைமுக வீதிக்குப் பின்னால் அவரின் ஒற்றை அறை வீடு. கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். அக்கா ரீவிக்கு முன்னால் கூனிக்கொண்டு இருந்தார்.

"வேகமா ஓடினா நல்லதுதானே அக்கா?"

"கூத்தில நொண்டிக்கு வேசம் கட்டினவன் மேடையில பாய்ஞ்சு ஓடினா சனம் என்ன சொல்லும்? நொண்டோணும் தம்பி. அந்த மெஷின் எந்தக் காலை இழுத்ததோ அதே காலை இழுக்கோணும்."

அது வெறும் பிடிவாதம் இல்லை. பழைய மெஷின் கசெட்டின் சத்தத்தைத் தன் வேகத்தில் நின்று கேட்கும். பலகை அதைவிட ஒரு துளி வேகமாகக் கேட்டாலும் ஒன்றும் விளங்காமல் நின்றுவிடும். அந்த ஒரு துளியைக் குறைக்க அக்காவுக்கு மாதங்கள் பிடித்தன. கசெட்டைப் போடுவார், கீச்சென்று கத்தும், நின்றுவிடும். சுற்றுவார், திரும்பவும் போடுவார். பக்கத்து வீட்டார் கல்லெறிந்தார்கள்.

"அந்தக் கணக்கைத் திரும்ப எழுதினா என்ன? எழுதினது நீங்கதானே?" என்று நான் கேட்டேன்.

"எழுதினா அது என்ர சொல். கசெட்டில கிடக்கிறது சங்கத்தின்ர சொல். தலைவற்ற கையெழுத்து இருக்கு."

ஒருநாள் அது கேட்டது. ரீவியில் கலர்க் கோடுகள் ஓடி, பழைய மெஷினின் எழுத்தில் பழைய கேள்வி வந்தது. எந்த வருசம், எந்த மாதம்? அக்கா பலகையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "சூடுதான் இல்லை" என்றார். "அது ஒண்டைத்தான் கொண்டு வர ஏலாமப் போச்சு."

கூட்டம் தை மாதம் நடந்தது. வலைக்கு ஒரு கை, மொத்தம் ஏழு கை. நாலாம் வலை உங்கள் அம்மப்பாவின் வலை. அவருக்கு அன்றைக்கு நெஞ்சுச் சளி, என்னை அனுப்பினார். அனுப்பும்போது சொன்னார்: "போனில உள்ளபடி பார்த்தா அந்த இருபத்தொன்பது எங்கட முறை. விசர்க்கதை கேட்டுக் கையைத் தூக்கினியோ, பிறகு என்ர வலையில கை வைக்காத."

அக்கா ரீவியைக் கதிரையில் வைத்து, பலகையைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து, கசெட்டை ஓட விட்டார். ஐந்து நிமிடம் அது கத்தியது. ஒருவர், "அக்கா, கோழி முட்டை இடப்போகுதோ?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அக்கா சுற்றி முதலிலிருந்து போட்டார். இரண்டாம் முறை பட்டியல் வந்தது. இருபத்தெட்டு, மூன்றாம் வலை. மார்ச் ஒன்று, நாலாம் வலை.

"மெஷின் தாற பட்டியல்தான் முடிவெண்டு கொப்பியில கிடக்கு. இதுதான் அந்த மெஷின்" என்றார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ" என்றான் செயலாளர். "இது சவர்க்காரப் பெட்டி. அதுவும் பிழையான சவர்க்காரப் பெட்டி. நாட்காட்டியில உள்ள நாளை இல்லையெண்டு சொல்லுது."

"ஓம். அது இல்லையெண்டு சொன்னபடியாத்தான் முப்பது வீடு அண்டைக்குச் சாப்பிட்டது."

"நாலு வருசத்தில ஒரு நாள்தானே அக்கா."

"ஒரு நாள்தானே. அப்ப விடுமன்."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, பழைய பட்டியலுக்கு விருப்பமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னான். மூன்று கைகள் எழும்பின. நாலாவது கை எழும்பினால் போதும். அந்தக் கை என் முழங்காலில் கிடந்தது. கடைசி வரை கிடந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கசெட்டை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, பைக்குள் வைத்தார். ஆம்பிளை இல்லாத வீடுகளுக்குச் சங்கத்தில் கை இல்லை. அவர்களை ஒருவரும் கூப்பிடவும் இல்லை.

கூப்பிடாதபடியால்தான் அவர்களுக்கு முடிவும் தெரியவில்லை. இருபத்தொன்பதாம் திகதி காலையில் நாங்கள் வலை வளைத்துக் கயிறு இழுக்கத் தொடங்க, கடகங்களோடு வந்துவிட்டார்கள். வழக்கம்போல மணலில் வரிசையாக இருந்தார்கள். சிலர் எழும்பி வந்து கயிற்றிலும் கை வைத்தார்கள். உங்கள் அம்மப்பா வாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "இண்டைக்கு ஆள் இருக்கு. விடுங்கோ கயித்தை." அவர்கள் விட்டார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதில் ஒரு கிழவி எனக்கு முன்னால் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டு, கையில் ஒட்டின மணலைத் தட்டினாள். அந்தத் தட்டல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

அக்காவும் அவர்களோடு வந்திருந்தார். எனக்குக் கிட்ட வந்து நின்றார்.

"இண்டைக்கு எத்தனையாம் திகதி தம்பி?"

"இருபத்தொன்பது அக்கா."

"ஓம். அதுதானே இழுக்கிறீர்."

அவ்வளவுதான். அன்று வலையின் மடி நிறைய மீன். நீங்களும் சாப்பிட்டீர்கள்.

அந்த வருசமே அக்கா கட்டைபறிச்சானில் தங்கச்சியின் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முதல் நாள் இந்தச் சவர்க்காரப் பெட்டியை என் கையில் தந்தார். கசெட் இழை அறுந்தாலும் போகாதபடி கணக்கைப் பலகைக்குள்ளேயே பதிந்து வைத்திருந்தார். "எனக்கேன் அக்கா தாறீங்க? நான்தானே…" என்று இழுத்தேன்.

"கை தூக்கின மூண்டு பேரிட்டக் குடுத்தா அவை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு நிம்மதியா நித்திரை கொள்ளுவினம். உமக்கு அது ஏலாது."

சரியாகத்தான் சொன்னார். இதுவும் அலுமாரிக்குள்தான் இருந்தது, ஆனால் ஒருநாளும் சும்மா இருக்கவில்லை. போன மாரியில் அக்கா செத்த செய்தி வந்தது. மழையோடு போய் வந்தேன். பிழையைத் திருத்துகிறதுதான் புத்தி என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். சொல்லித் தரட்டும். திருத்த முதல், அதற்குள் ஆர் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள். பெரியவனே, உன்னைப் பேசினது பிழை. நேற்று நான் உனக்குள் அந்தச் செயலாளரைக் கண்டேன், அவனுக்குப் பின்னால் முழங்காலில் கிடந்த என் கையைக் கண்டேன். கத்தினது அதைப் பார்த்துத்தான்.

இன்று பின்னேரம் நீங்கள் ரியூசனுக்குப் போன பிறகு, பலகையை ரீவியில் கொழுவினேன். வருகிற லீப் வருசத்தையும் பெப்ரவரி மாதத்தையும் கொடுத்தேன். அது அவசரப்படாமல், தன் காலை இழுத்து இழுத்து, பட்டியலைக் காட்டியது. ஒரு வெள்ளைத் தாளில் பார்த்து எழுதினேன். இருபத்தெட்டு எழுதி முடிய, கை பழக்கத்தில் இருபத்தொன்பது எழுதப் போனது. நிறுத்தி, மார்ச் ஒன்று என்று எழுதினேன். அடியில், இருபத்தொன்பது எங்கள் முறையென்று போன் சொன்னாலும் நாலாம் வலை இதன்படிதான் போகும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வலை இப்போது என் பெயரில் இருக்கிறது. உங்கள் அம்மப்பா கண்டால் கிழிப்பார். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன். அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது.

சோற்றுப் பசையோடு தனியே கரைக்குப் போனேன். வாடியடியில் ஒருவரும் இல்லை, இரண்டு மான்கள் மட்டும் நின்றன. கதவில் செயலாளரின் பட்டியலுக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். மானுக்கு எட்டாத உயரம் என்றால் கையை முழுதாகத் தூக்க வேண்டும். தூக்கி, தாளை உள்ளங்கையால் அழுத்தியபடி, பசை காயும் வரை நின்றேன்.